தாப்கீர் பார்த்த கோடு

மராத்தி வருஷப் பிறப்பான பாட்வா அன்று காலையில் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக் கம்பு நேராக நிற்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. அதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். ஏ பிளாக் மூன்றாவது மாடியில் மதுகர் தாப்கீர் தன் பால்கனியில் மூங்கில் கம்பைக் கட்டி, உச்சியில் பட்டுத்துணியும் வேப்பிலையும் சர்க்கரை மாலையும் தொங்கவிட்டு, செம்பைக் கவிழ்த்த கையோடு மற்ற பால்கனிகளை ஒரு சுற்று பார்ப்பான். "ஷெலார் மாமா, உங்க கம்பு குடிச்சுட்டு நிக்குது." "ஏ பம்யா, உன் கம்பு உன்ன மாதிரியே ஒரு பக்கமா நிக்குதுடா. இடது கயித்த இழு." நாங்களும் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கட்டுவோம். அவன் சொன்னபடி கட்டினால் சரியாகத்தான் இருக்கும். அவன் கண் அப்படி.

பம்யா என்பது நான்தான்; எனக்கு அவன் மத்யா. பிரமோத் குடளே. பி பிளாக் மூன்றாவது மாடி, அவன் பால்கனிக்கு நேர் எதிர். பதினேழு வருஷமாக ஒரே ஆபீஸ், போவதும் வருவதும் ஒரே ஸ்கூட்டரில். ஆபீஸ் போசரியில், பல்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் இருக்கிறது. கார்களின் வெளிப்புறத்தில் வருகிற பிளாஸ்டிக் பாகங்களை டிசைன் பண்ணுகிறோம். பம்பர், சக்கரத்தின் மேல் வளைகிற கறுப்புப் பட்டை, கதவுகளுக்குக் கீழே ஓடுகிற கிளாடிங், இப்படி. கார் வாங்க வருகிறவன் எஞ்சினைப் பற்றிக் கேட்பான், மைலேஜ் கேட்பான். எங்கள் பாகத்தைப் பற்றி எவனும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கோடு ஒரு முடி அளவு நெளிந்தால் போதும், 'வண்டி என்னமோ மட்டமா இருக்கே' என்று அடுத்த ஷோரூமுக்கு நடையைக் கட்டிவிடுவான். என்ன மட்டம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. மதுகருக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் அவன் இருந்ததே அதற்குத்தான்.

அந்த வருஷப் பாட்வாவுக்கு அவன் கம்பே சாய்ந்திருந்தது.

அவன் மனைவி, எனக்கு அண்ணி முறையான வைஜயந்தி வஹினி, கீழே டப்பாவில் ஸ்ரீகண்ட் வாங்கிக்கொண்டு வந்தவள், அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, சாஞ்சிருக்கு."

"எங்க சாஞ்சிருக்கு? கீழ நின்னு பாத்தா எல்லாம் சாஞ்சாப்லதான் தெரியும்."

"பக்கத்துல தண்ணிக் குழா போவுதில்ல, அதப் பாத்து சொல்றேன். குழா ஒரு பக்கம் போவுது, கம்பு ஒரு பக்கம் போவுது."

"குழா போட்டவன் பிளம்பர். அவன் போட்ட குழாய வெச்சு என் கம்ப அளக்குறியா நீ?"

ஒன்பதாவது படிக்கும் மகள் கேதகி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "பாபா, நம்ம கம்பு எல்லாருக்கும் டாட்டா காட்டுது."

வஹினி என் பக்கம் திரும்பினாள். "பாவ்ஜி, நீங்க சொல்லுங்க. எதிர்லதான நிக்கிறீங்க."

சாய்ந்துதான் இருந்தது. குழந்தை பார்த்தாலும் தெரியும். "மத்யா கட்டினா நேராத்தான் இருக்கும் வஹினி. குழாயத்தான் மாத்தணும்" என்றேன். அவன் சிரித்தான். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் கம்பைக் கீழிருந்து மேலாகப் பார்த்தான். பிறகு கயிற்றை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினான். கம்பு இன்னும் சாய்ந்தது. பூரியும் ஸ்ரீகண்டும் சாப்பிட்டுவிட்டு நான் அதை மறந்தும் போனேன்.

அடுத்த வாரம் டியூப்லைட் அறையில் கிளாடிங் வந்து நின்றது. கீழே பட்டறையின் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை அது. ஏப்ரல் வெயிலில் உள்ளே போனால் பத்து நிமிஷத்தில் பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சுவரிலும் கூரையிலும் வரிசையாகப் பதினாறு டியூப்லைட். நாங்கள் கம்ப்யூட்டரில் வரைந்த பாகத்தை முழு அளவில் பலகையில் வெட்டி, பளபளவென்று கறுப்பு பெயிண்ட் அடித்து, ஸ்டாண்டில் மாட்டுவோம். டியூப்லைட் வெளிச்சம் அதன் மேல் கோடுகோடாக ஓடும். பாகத்தில் எங்காவது மேடோ குழியோ இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சக் கோடு நெளியும்.

இது முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரே பட்டையாகப் போகிற கிளாடிங். ஆறடிக்கு மேல் நீளம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்பு வேண்டும் என்று கார் கம்பெனி ஒற்றைக் காலில் நின்றது. பளபளப்பில் எதையும் மறைக்க முடியாது.

மதுகர் வழக்கமான இடத்துக்குப் போனான். பின் முனையிலிருந்து இரண்டு கை தூரம். குந்தி உட்கார்ந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, பின் கதவுக் கைப்பிடிக்கு நேர் கீழே வருகிற இடத்தைப் பார்த்தான். பதினேழு வருஷத்தில் அந்த இடம் மாறியதில்லை. அங்கே சிமெண்டுத் தரையே அவன் செருப்புத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வெகு நேரம் பார்த்துவிட்டு, எழுந்து போய் பார்த்த இடத்தின் நடுவில் வெள்ளைப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்.

"இங்க குழி."

நான் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தேன். "கையில ஒண்ணும் தட்டலயே மத்யா."

"உன் கையில காலையில தின்ன மிசல் வாசனதான் தட்டும். குழி இருக்கு. அரை மில்லிக்கு மேலயே தூக்கு. பாயிண்ட் ஆறு வெச்சுக்க."

"நேத்துதான் சீப்பு போட்டுப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சுடா."

"சீப்பு தலைக்கு. வண்டிக்குக் கண்ணு."

சீப்பு என்பது ஸ்க்ரீனில் கோட்டின் மேல் முளைக்கிற முட்கள். முட்களின் நுனி சீராக ஏறிச் சீராக இறங்கினால் கோடு சுத்தம் என்று அர்த்தம். நடுவில் பல் உடைந்த மாதிரி எகிறினால் அங்கே கோளாறு. நான் நம்புவது சீப்பைத்தான். ஆனால் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பம்பரில் சீப்பு சுத்தமாக இருந்தும் இவன் ஒருத்தன் மட்டும் குழி என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை. வண்டி ரோட்டுக்கு வந்ததும் பார்த்தவர்கள் எல்லாம் பம்பர் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் முதலாளி கேஸ்கர் சரிபார்ப்பு ஃபார்மில் ஒரு பெட்டி சேர்த்தார். 'தாப்கீர் பார்த்தார்' என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பாகத்துக்கும் பிளாஸ்டிக் வார்க்கிற இரும்பு அச்சு வெட்ட மாட்டார்கள்.

பாயிண்ட் ஆறு தூக்கினேன். சீப்பில் நடுவில் நாலு பல் எகிறிக்கொண்டு நின்றது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்க்காமலே போய்விட்டான். திருத்தியதை மறுபடி பலகையில் வெட்டி மாட்டினோம். அவன் அதே இடத்தில் குந்தி, அதே கண்ணைப் பொத்தி, "இப்பதான்டா உயிர் வந்துச்சு" என்றான். அவன் எழுந்து போனதும் நானும் அந்த இடத்தில் குந்திப் பார்த்தேன். நடுவில் மேடாகத்தான் தெரிந்தது. என் கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடவுள் சாட்சியாக அப்படித்தான் நினைத்தேன். கேஸ்கர் சாஹேபிடம் சீப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். "தாப்கீர் கையெழுத்துப் போட்டாச்சில்ல? அப்புறம் என்ன குடளே?" என்றார். அன்று சாயங்காலமே ஃபைல் அச்சுப் பட்டறைக்குப் போய்விட்டது.

மே மாதம் ஒருநாள் வைஜயந்தி வஹினி மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். கையில் கறிவேப்பிலைக் கட்டு. லிஃப்ட் ஓடவில்லை, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"பாவ்ஜி, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க வஹினி."

"ஆபீஸ்ல அவரு நல்லாத்தான இருக்காரு?"

"அவனுக்கென்ன, எல்லாரையும் வறுத்து எடுத்துக்கிட்டு ஜம்முனு இருக்கான்."

"இல்ல, வீட்ல என்னமோ மாதிரி இருக்காரு. அடுப்பங்கரை சுவத்துல டைல்ஸ் வரிசை தொங்கிருச்சுன்னு கொத்தனாரக் கூட்டிட்டு வந்தாரு. கொத்தனாரு மட்டம் வெச்சுப் பாத்துட்டு, 'சாஹேப், ஒரு நூல் கூட நகரல'ன்னு சிரிச்சிட்டுப் போறாரு. பேப்பர் படிக்கையில தலையச் சாச்சு வெச்சுக்கிறாரு. கண்ணக் காட்டலாம் வாங்கன்னா எரிஞ்சு விழுறாரு."

"என்ன சொல்றான்?"

"'என் கண்ணுல குறைன்னு ஒருத்தன் காதுல விழுந்தா போதும், நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்'ங்குறாரு. அப்ப அவருக்கே உள்ளுக்குள்ள தெரியுதுதான பாவ்ஜி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

எனக்கு அன்று என்ன தோன்றியது என்று இப்போதும் நினைவிருக்கிறது. நாலு பல் எகிறிய சீப்புதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதைத் தொட்டுப் பேசப் பயமாக இருந்தது. தொட்டால் அச்சு, கார் கம்பெனி, கேஸ்கர் என்று எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். "வேலைப் பளு வஹினி. நாள் பூரா ஸ்க்ரீனப் பாத்துப் பாத்து எங்க எல்லாருக்குமே அப்படித்தான். ரெண்டு நாள் நல்லாத் தூங்கினா சரியாயிடும்" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். அந்த ஒரு பேச்சுக்காக என் நாக்கில் சூடு வைத்துக்கொள்ளலாம்.

ஜூனில் பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் வந்தது. வருஷாவருஷம் எங்கள் குடியிருப்பிலிருந்து ஹைவே ஓரத்தில் மேஜை போட்டு, பண்டரிபுரத்துக்கு நடக்கிறவர்களுக்குப் போஹாவும் டீயும் கொடுப்போம். டீ ஊற்றுவது மதுகர் வேலை. பெரிய கெட்டிலைத் தூக்கி ஒரு சொட்டு சிந்தாமல் வரிசையாக ஊற்றிக்கொண்டே போவான். அன்று தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர் கிளாசை நீட்டினார். மதுகர் ஊற்றினான். டீ கிளாசுக்குப் பக்கத்தில், அவர் மணிக்கட்டில் விழுந்தது.

பெரியவர் கையை உதறிவிட்டு, "பரவால்ல மாவுலி, பரவால்ல. மழைதான் ஆத்திடுமே" என்றார். அந்த ஊர்வலத்தில் எல்லாருக்கும் எல்லாரும் மாவுலி, தாய். மதுகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மாவுலி, மேஜை ஆடுது" என்றான். மேஜை ஆடவில்லை. வஹினி கெட்டிலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு நாள் முழுக்க அவன் கிளாஸ் கழுவினான். கூட்டம் முழுவதும் விட்டல, விட்டல என்று தாளத்தோடு போய்க்கொண்டிருந்தது. அவன் தலை நிமிரவில்லை.

ஆகஸ்டில் அச்சிலிருந்து முதல் பாகம் வந்தது. நாலு நாளாக விடாத மழை. பட்டறை வாசலில் முழங்கால் தண்ணீர், செங்கல் போட்டு நடந்தோம். கார் கம்பெனியிலிருந்து மிருண்மயி என்கிற அம்மாள் இரண்டு பேரோடு வந்திருந்தார். வெள்ளை வண்டி ஒன்றை அறைக்குள் தள்ளி நிறுத்தி, கிளாடிங்கை மாட்டினோம். கிளிப்புகள் டக் டக்கென்று உட்கார்ந்தன. இடைவெளி எல்லாம் சரியாக இருந்தது. டியூப்லைட்டைப் போட்டோம்.

யாரும் குந்திப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நின்ற வாக்கிலேயே தெரிந்தது. பின் கதவுக்குக் கீழே வெளிச்சக் கோடு பாம்பு இரையை விழுங்கின மாதிரி புடைத்துப் போயிற்று.

மிருண்மயி கேஸ்கரைப் பார்த்தார். கேஸ்கர் மதுகரைப் பார்த்தார். மதுகர் அதற்குள் தன் இடத்தில் குந்திவிட்டிருந்தான். கண்ணைப் பொத்தியிருந்தான்.

"நல்லா வந்திருக்கு" என்றான். "கோடு சுத்தமா இருக்கு."

மிருண்மயி மெதுவாகத்தான் கேட்டார். "தாப்கீர் சார், நடுவுல பாத்தீங்களா?"

"நடுவுலதான் மேடம் பாக்குறேன். ஊசி மாதிரி போவுது."

"எனக்கு மேடாத் தெரியுதே."

"நீங்க நிக்கிற எடம் சரியில்ல. இங்க வந்து குந்திப் பாருங்க."

அவர் வந்து, சேறு பட்டுவிடாமல் சேலையைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். எழுந்தார். அவரோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குந்தி எழுந்தார்கள். கேஸ்கர் முழங்கால் வலியோடு குந்தினார். மாட்டிய தொழிலாளிகள் நாலு பேர் குந்தினார்கள். எழுந்த ஒருவரும் மதுகர் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றான். எல்லாரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று சந்தேகப்படுகிற மாதிரி சிரிக்கவும் செய்தான்.

"பம்யா, நீ சொல்லுடா."

நான் அவன் பக்கத்தில் போனேன். "மத்யா, திரும்ப உக்காரு. அந்தக் கண்ண மூடு. வலது கண்ண."

"எதுக்கு?"

"ஒரு தடவை. எனக்காக."

குந்தினான். வலது உள்ளங்கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்தினான். அந்தக் கையால் அவன் அப்படிச் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. இடது கண்ணால் பார்த்தான். பிறகு கையை மாற்றினான். மறுபடி மாற்றினான். இடது, வலது, இடது, வலது என்று எத்தனை தடவை மாற்றினான் என்று நான் எண்ணவில்லை. நிறுத்துடா என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"யாருக்கிட்டயும் சொல்லாத" என்று என்னிடம் மெல்லச் சொன்னான். அறையில் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தோம்.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் வஹினியும் கூட்டிப் போனோம். டாக்டர் அம்மாள் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, நடுவில் இருக்கிற புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணுக்கு எல்லாக் கட்டமும் ஒழுங்காக இருந்தது. வலது கண்ணுக்கு வந்ததும் மதுகர் தாளைக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான்.

"நடுவுல உள்ள இழுக்குது. கோடெல்லாம் குழிக்குள்ள எறங்குது."

"வேற எடத்தப் பாருங்க. இப்ப குழி எங்க?"

"இங்க."

"இப்ப?"

"இங்கதான்." அவன் குரல் இறங்கிப் போயிற்று. "நான் எங்க பாக்குறேனோ அங்க."

"குழி உங்க கூடவே நகருதே, சந்தேகம் வரலியா உங்களுக்கு?"

"நான் எப்பவும் ஒரே எடத்துலேர்ந்து ஒரே எடத்தத்தான் பாப்பேன் டாக்டர். அதுதான் முறை."

கண்ணுக்குள்ளே விழித்திரைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதாம். மூச்சுத் திணறலுக்கு மருந்துக் கடையில் அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையும் அதற்கு ஒரு காரணமாம். நாலு வருஷமாகப் போசரித் தூசிக்கு அதைத்தான் முழுங்கிக்கொண்டிருந்தான். நானே எத்தனையோ தடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"ரொம்ப நாளா நீர் நின்னு நின்னு அந்த எடம் தழும்பாயிடுச்சு" என்றார் டாக்டர். "இனிமே பெருசாகாமப் பாக்கலாம். போனது திரும்பாது."

"முன்னாடியே வந்திருந்தா?" வஹினிதான் கேட்டாள்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "பாதிப் பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல தானாவே வடிஞ்சிடும்மா. மாத்திரைய நிறுத்தினாலே போதும்."

"பாட்வாவுக்கே சாஞ்சிருந்துச்சு" என்றாள் வஹினி. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வஹினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவனிடம் சொன்னேன். "இன்னொரு கண்ணு நல்லாத்தானடா இருக்கு. அதால பாரு. பழகிக்கிட்டாப் போச்சு."

"பாத்தேனே அன்னிக்கு. மேடு தெரிஞ்சுது. ஆனா அது சொன்னது உண்மையா, இது சொன்னது உண்மையான்னு எனக்குத் தெரியலடா. நீங்க ஒம்பது பேரும் சொன்னதாலதான் நம்பினேன்." பிறகு, "ஒம்பது பேரக் கேட்டுக் கோடு பாக்கிறதுக்கு நான் எதுக்கு?" என்றான்.

அச்சைத் திருத்தலாமா என்று பார்த்தோம். பாகத்தில் மேடு என்றால் அச்சு இரும்பில் பள்ளம். இரும்பை வெட்டுவது சுலபம், வெட்டின இடத்தில் திரும்ப வைப்பதுதான் கஷ்டம். வெல்டிங் வைத்து நிரப்பினால் பளபளப்பில் அதன் தழும்பு தெரியும். புதிதாக வெட்ட நாள் இல்லை, வண்டி தீபாவளிக்கு வந்தாக வேண்டும். கடைசியில் கார் கம்பெனி பளபளப்பையே கைவிட்டது. அச்சு முழுக்கத் தோல் மாதிரி சொரசொரப்பு ஏற்றினார்கள். சொரசொரப்பில் வெளிச்சம் ஓடாது, மேடு அவ்வளவாகத் தெரியாது. பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். "ஒருத்தனும் கவனிக்க மாட்டான், விடு" என்று ஆபீசில் எல்லாரும் மதுகரிடம் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஒருத்தனும் கவனிக்காததைக் கவனிக்கிறதுதான் அவன் பிழைப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேஸ்கர் நல்ல மனுஷன். வேலையை விட்டு அனுப்பவில்லை. வரைபடங்களில் பாக எண் சரியா, திருகு எத்தனை, பிளாஸ்டிக் பெயர் சரியா என்று சரிபார்க்கிற மேஜையில் உட்கார வைத்தார். டியூப்லைட் அறைக்கு இப்போது கோடு பார்க்க ஒரு மெஷின் வந்திருக்கிறது. ஃபார்மில் அந்தப் பெட்டி காணாமல் போயிற்று. கேட்டதற்கு ஃபார்ம் மாறிவிட்டது என்றார்கள்.

ஸ்கூட்டரை நான்தான் ஓட்டுகிறேன். அவன் பின்னால் உட்கார்ந்து வருவான். தீபாவளி கழிந்து ஒருநாள் நாசிக் பாட்டா சிக்னலில் அந்த வண்டி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புத்தம் புதுசு, சாமந்தி மாலை வாடாமல் இருந்தது. சிக்னல் பச்சையாக இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவன் குனிவது எனக்குத் தெரிந்தது.

"தெரியுதாடா?"

"இல்ல மத்யா. ஒண்ணும் தெரியல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம் தெரியுது."

"ம்" என்றான்.

மறு வருஷம் பாட்வா வந்தது. வைஜயந்தி வஹினி எங்கள் வீட்டுக்குப் பூரண்போளி கொடுத்தனுப்பியிருந்தாள். நான் காலையில் சீக்கிரமே எழுந்து, என் கம்பை வேண்டுமென்றே கோணலாகக் கட்டினேன். நன்றாகத் தெரிகிற கோணல். இடது கயிற்றைத் தளர்த்திவிட்டு, பட்டுத்துணி பக்கத்து வீட்டு ஜன்னலைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்து வைத்துவிட்டு, காப்பித் தம்ளரோடு பால்கனியில் நின்றேன். என் வீட்டுக்காரி, "என்ன இது அசிங்கமா, சரியாக் கட்டுங்க" என்றாள். "சும்மா இரு, அவன் சொல்லட்டும்" என்றேன்.

எதிரில் மதுகர் வந்தான். கம்பைத் தூக்கி நிறுத்தினான். கேதகி கயிறு எடுத்துக் கொடுத்தாள். நான் காத்துக்கொண்டு நின்றேன். 'ஏ பம்யா, உன் கம்பு படுத்தே போச்சுடா' என்று ஒரு சத்தம் வந்தால் போதும் என்று இருந்தது. அவன் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தான். என் கம்பைப் பார்க்கவில்லை.

"பம்யா, நேரா இருக்கா? கொஞ்சம் பாத்துச் சொல்லு."

வஹினி அவனுக்குப் பின்னால் வாசற்படியில் மஞ்சள் தட்டோடு நின்றாள். இந்தத் தடவை அவள் கம்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உன் வலது பக்கம் சாஞ்சிருக்கு மத்யா."

கயிற்றைத் தளர்த்தினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

நகர்த்தினான். "இப்ப?"

குழாய் போட்டவன் யார், நீ எங்கே நின்று பார்க்கிறாய், உன் கண்ணில் மிசல் எண்ணெயா என்று ஏதாவது கேட்பான் என்று பார்த்தேன். கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதற்காக நின்றான்.

"போதும். நேரா இருக்கு."

"சரி" என்று முடிச்சுப் போட்டான். செம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

நான் என் கம்பை அவிழ்க்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் இறக்குகிறவரை அது அப்படியே சாய்ந்து நின்றது.